மாரிக்குத் திற, கோடைக்கு மூடு

ஒவ்வொரு வருடமும் புரட்டாசி முடிகிற நேரம் ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் வீட்டு நீச்சல் குளத்தை மூடுவார்கள். அதே கிழமைகளில் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நாங்கள் கிணறு இறைத்துச் சேறு எடுப்போம். அங்கே பனி வரப்போகிறது, இங்கே மழை வரப்போகிறது. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் இரண்டுக்கும் பெயர் மாரிதான். ஆனால் அவர்களுக்கு மாரி என்றால் தண்ணி கல்லாகிற காலம். எங்களுக்கு மாரி என்றால் நல்ல தண்ணி வந்து சேருகிற ஒரே காலம்.

இந்த வித்தியாசத்தை மறந்து தீவுப்பகுதியில் கட்டப்படுகிற வீட்டு நீச்சல் குளங்களைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் பொறியியலாளர் இல்லை, கலைப்பீடத்தில் படிக்கிற பிள்ளைகள். தீவுகளில் பிறந்து, பஸ்ஸிலும் படகிலும் யாழ்ப்பாணத்துக்கு வந்து போகிற ஆக்கள். தண்ணிக் கலனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன அனுபவம் எங்களில் எல்லாருக்கும் இருக்கு. அந்த உரிமையில் எழுதுகிறோம்.

அங்கே எப்படி மூடுகிறார்கள்?

முதலில் கனடாக் கணக்கைப் பார்ப்போம். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் குளம் மூடப்பட வேண்டும். தண்ணியில் உள்ள குளோரினையும் காரத்தன்மையையும் சரிபார்ப்பார்கள். இலை குப்பை வாருவார்கள். மேல் தண்ணியை உறிஞ்சுகிற வாய்க்குக் கீழே வரும்வரை நீர்மட்டத்தை இறக்குவார்கள். குழாய்களுக்குள் காற்றடித்து மிச்சத் தண்ணியை வெளியேற்றி, வாயை அடைத்து, தேவையென்றால் உறையாத திரவம் ஊற்றுவார்கள். கடைசியாகத் தடித்த விரிப்பொன்றை இழுத்துக் கட்டுவார்கள். இவ்வளவும் ஏன் என்றால், தண்ணி பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். குழாய்க்குள் தண்ணி நின்றால் குழாய் வெடிக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கோ. அங்கேயும் குளத்தை முழுதாக இறைத்து வெறுமையாக விடுவதில்லை. பனிக்காலம் முழுக்கக் குளத்துக்குள் பெரும்பகுதித் தண்ணி அப்படியே நிற்கும். இது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இன்னுமொன்று. அங்கே மூடுகிற வேலைக்கென்றே கம்பனிகள் இருக்கின்றன. வருடா வருடம் மூட ஒரு காசு, சித்திரை, வைகாசியில் திறக்க ஒரு காசு. யாரும் முணுமுணுப்பதில்லை. குளம் வைத்திருந்தால் அதைப் பார்க்கிற செலவும் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். குளத்தைச் சுற்றி வேலி இல்லாமல் அனுமதி கிடையாது. உப்புப் போட்ட தண்ணியையோ குளோரின் தண்ணியையோ வீதியோர வெள்ளவாய்க்காலுக்குள் விட ரொறன்ரோ மாநகரசபை தடை போட்டிருக்கிறது, பிடிபட்டால் குற்றம். எங்கள் மாமாமார் இந்த விதிகளை எல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஆக்கள். அதே மாமாமார் தீவில் குளம் கட்டும்போது அந்த ஒழுங்கு எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

இங்கே என்ன நடக்குது?

1990, 91 இடப்பெயர்வோடு தீவுப்பகுதியில் பல வீடுகள் கூரை இல்லாமல் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்போது அந்த வளவுகளில் சிலவற்றில் பெரிய வீடுகள் எழும்புகின்றன. மாபிள் தரை, உயர்ந்த மதில், கண்காணிப்புக் கமரா, பின்வளவில் நீல நிற டைல்ஸ் பதித்த நீச்சல் குளம். வீட்டுக்காரர் ஆடியிலோ ஆவணியிலோ வருவார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான். நயினை அம்மன் திருவிழாவும் நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பக்கத்து மாதங்களில்தான். வருவதற்கு ஒரு கிழமை முன்னர் வீடு பார்க்கிற ஆளுக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும்: "தம்பி, குளத்தை ஒருக்கா நிரப்பி வையப்பன், பிள்ளையள் வந்தவுடன இறங்கப் போகினம்."

ஆடி, ஆவணி என்பது தீவுக்கிணறுகள் அடி தெரிகிற காலம். மழை நின்று ஆறு, ஏழு மாதம் ஆகியிருக்கும். சவர் ஏறிய கிணறுகளை விட்டுவிட்டுச் சனம் நல்ல தண்ணிக்கு அலைகிற நேரம். பவுசர் எப்போது வரும் என்று ஒழுங்கையில் கலன்களை அடுக்கிவைத்து ஆக்கள் காத்திருப்பார்கள். நெடுந்தீவில் கோடை கடுமையான வருடங்களில் காட்டுக் குதிரைகள் தண்ணியில்லாமல் செத்திருக்கின்றன. அந்த நேரத்தில்தான் குளம் நிரம்புகிறது.

மூன்று, நாலு கிழமையில் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். போகும்போது இன்னொரு செய்தி: "மாரிக்கு முதல் தண்ணியை முழுக்க இறைச்சு விட்டிடு, பாசி பிடிச்சிடும்." கனடாவில் செய்யாத வேலையை இங்கே செய்யச் சொல்கிறார்கள். பவுசரில் வந்த தண்ணி பற்றைக்குள் ஓடும். வெறும் குளம் மழைக்குக் காத்திருக்கும்.

கணக்கு ஒன்று போடுவோம்

8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம். வீட்டு நீச்சல் குளத்துக்கு இது பெரிய அளவில்லை. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 45,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் கொண்டுவந்தால் 9 தரம் வரவேண்டும்.

ஒரு ஆளுக்கு அடிப்படைத் தேவைக்கு நாளொன்றுக்கு 50 லீற்றராவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 250 லீற்றர். அப்படியென்றால் அந்தக் குளத்துத் தண்ணி ஒரு குடும்பத்துக்கு 180 நாள் காணும், அதாவது மாசி தொடக்கம் ஆடி வரை ஒரு முழுக் கோடை.

நிரப்பியதோடு கதை முடியாது. தீவில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திறந்து கிடக்கிற குளத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று எடுத்தாலும் 32 சதுர மீற்றருக்கு 160 லீற்றர் போகும். மூன்று பேரின் ஒரு நாள் தண்ணி ஒருவரும் தொடாமலே காற்றோடு போகிறது. மணல் வடிகட்டியைக் கழுவத் தண்ணி வேறு.

கிணற்றில் இருந்து நிரப்பினால் காசு மிச்சம் என்று சிலர் மோட்டர் போட்டு இறைக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றையும் விட மோசம். எங்கள் தீவுகளின் அடியில் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்குள் மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. நல்ல தண்ணி பாரம் குறைவு, உப்புத் தண்ணி பாரம் கூட, அதனால்தான் கலக்காமல் நிற்கிறது. இதற்கு ஒரு பழைய விதி உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணி நிற்கும். நாங்கள் கேட்டுப் பயப்பட வேண்டியது அதன் மறுபக்கம். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே இருந்து உப்புத் தண்ணி 40 அடி மேலே வரப் பார்க்கும். எங்கள் தீவுகளில் வில்லை அவ்வளவு தடிப்பும் இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து மோட்டர் ஓடினால் சவர் ஏறுகிறது. மோட்டர் ஓடின வளவுக் கிணற்றில் மட்டுமல்ல, நிலத்துக்குக் கீழே மதில் இல்லாதபடியால் பக்கத்து வளவுக் கிணறும் சவர்க்கும்.

எங்கள் அம்மம்மாமார் பட்டையாலும் வாளியாலும் அளந்து அள்ளினார்கள். மணல் பக்கங்களில் பூவல் தோண்டி ஊறுகிற தண்ணியைச் சிரட்டையால் கோலினார்கள். அது வறுமைக் கோலம் என்று நினைக்கிறோம். உண்மையில் வில்லையைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் எடுக்க அதைவிடத் திறமான முறை இல்லை.

வெறும் குளம் என்ன செய்யும்?

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். மாரிக்கு முதல் ஏன் குளத்தை வெறுமையாக்கக் கூடாது?

கரையில் இழுத்து வைத்த வள்ளத்தை நினைத்துப் பாருங்கோ. தண்ணி நிறைந்த வள்ளம் தாழ்ந்து கிடக்கும், வெறும் வள்ளம் அலை வந்தவுடன் கிளம்பும். நீச்சல் குளமும் நிலத்துக்குள் புதைத்த கொங்கிறீற் வள்ளந்தான். கார்த்திகை, மார்கழியில் தீவுகளில் நிலத்தடித் தண்ணி கையால் அள்ளுகிற உயரத்துக்கு வரும். அப்போது குளத்தின் அடியை அது மேலே தள்ளும். உள்ளே 45 தொன் தண்ணி இருந்தால் அந்தப் பாரம் பிடித்து வைக்கும். இல்லையென்றால் அடி வெடிக்கும், டைல்ஸ் கழரும், சில வேளை முழுக் குளமுமே ஒரு பக்கம் கிளம்பும். ஒருக்கால் வெடித்த குளம் பிறகு தண்ணி தாங்காது. திருத்த லட்சக்கணக்கில் போகும்.

அரைகுறையாக இறைத்த குளத்தில் இன்னொரு ஆபத்து. அடியில் ஒரு சாண் மழைத்தண்ணி, அதற்குள் விழுந்த இலை, குளோரின் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. டெங்கு நுளம்புக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் காணும். 2023 மார்கழியிலும் 2024 தையிலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிக் கூடியது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். தீவுத் தண்ணி சவர், அதில் நுளம்பு வராது என்று சிலர் சொல்வார்கள். உவர்த் தண்ணியிலும் அந்த நுளம்பு வளர்கிறது என்று எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டியது உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோதான். ஆனால் உரிமையாளர் பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேற்றைத் தட்டினால் திறக்கிறவர் சம்பளத்துக்கு வீடு பார்க்கிற ஐயா. தண்டம் யாருடைய தலையில் விடியும்?

மூன்றாவது, உப்பு. குளோரின் வாங்கிக் கொட்டத் தேவையில்லை என்று இப்போது சிலர் உப்புத்தண்ணிக் குளம் போடுகிறார்கள். உப்பைக் கரைத்துவிட்டால் இயந்திரம் அதிலிருந்து குளோரினை எடுத்துக்கொள்ளும். 1,000 லீற்றருக்குச் சுமார் மூன்றரைக் கிலோ உப்பு. 45,000 லீற்றருக்கு 157 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை மூன்று. இதை இறைத்துவிட்டால் அது போகிற இடம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு. அதற்குக் கீழே அயலட்டையின் கிணறு. மூன்று மூட்டை உப்பை ஒருவர் தோளில் சுமந்து வந்து பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் கொட்டினால் ஊர் சும்மா இருக்குமா? குழாயால் போனால் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

"பொறாமையில் கதைக்கிறியள்"

இப்படிக் கதைத்தால் முதலில் வருகிற பதில் இதுதான். இரவு பகல் இரண்டு வேலை செய்து, பனியில் நடந்து உழைத்த காசு. சொந்தக் காணி. ஒரு மாதமாவது பிள்ளைகள் ஊரில் சந்தோசமாக நிற்கட்டுமே. குளம் இல்லையென்றால் அதுகள் இங்கே வரவே மாட்டுதுகள்.

இதில் நியாயம் இருக்கு. அந்தக் காசில்தான் எங்களில் பலர் ரியூசன் போனோம். அந்தப் பிள்ளைகள் ஊருக்கு வர வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம். இன்னும் சொன்னால் எங்களுக்கும் நீந்த விருப்பம். சுத்திவரக் கடல் இருந்தும் தீவுப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கு. தீவில் ஒரு பெண்பிள்ளை பார்வைக்குப் பயப்படாமல் இறங்கி நீந்த இடம் எங்கே? மதிலுக்குள் இருக்கிற ஒரு குளம் அந்த வகையில் நல்ல விசயந்தான். ஆகவே குளமே கட்டாதே என்பது எங்கள் நிலைப்பாடு இல்லை.

ஆனால் காணிதான் சொந்தம். காணிக்குக் கீழே இருக்கிற தண்ணிக்கு உறுதி எழுதப்படவில்லை.

இரண்டாவது பதில்: "இனிக் கடல் தண்ணியைச் சுத்திகரிச்சுக் குழாயால் வரப்போகுது, பிறகென்ன?" தாளையடியில் 2024 இல் திறந்த நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் நல்ல தண்ணி எடுக்கக் கட்டப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தண்ணி மின்சாரம் செலவழித்து உப்பிலிருந்து பிரித்தெடுக்கிற தண்ணி. அது குடிக்கவும் சமைக்கவும் என்று கொண்டுவந்தது. குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் படகில் போகிற நெடுந்தீவுக்கு ஒவ்வொரு லீற்றரும் எவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கிறது என்று அங்கே போய் ஒரு நாள் நின்றால் தெரியும்.

மூன்றாவது பதில்: குளம் இருந்தால் விருந்தினர் விடுதி நடத்தலாம், வேலை கிடைக்கும். கிடைக்கட்டும். கிணறு சவர்த்த தீவில் விடுதிக்கு யார் வரப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அப்ப எப்படித்தான் வைச்சிருக்கிறது?

எங்கள் யோசனை சுருக்கமானது. நாட்காட்டியைத் திருப்பிப் போடுங்கோ. கனடாவில் குளத்தை மாரிக்கு மூடிக் கோடைக்குத் திறப்பார்கள். தீவில் மாரிக்குத் திறந்து கோடைக்கு மூட வேண்டும்.

புரட்டாசியில் தொடங்குவோம். குளத்தை வெறுமையாக்க வேண்டாம். இருக்கிற தண்ணி இருக்கட்டும். கூரைப்பீலிகளைத் துப்புரவாக்கி, முதல் மழையின் அழுக்குத் தண்ணியை வெளியே விட்டு, அடுத்த மழையில் இருந்து குழாயால் குளத்துக்குள் எடுங்கோ. 150 சதுர மீற்றர் கூரையில் மாரி முழுக்க 600 மில்லிமீற்றர் மழை பெய்தால் 90,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணாய்ப் போனாலும் 72,000 மிஞ்சும். குளம் ஒரு சதமும் இல்லாமல் நிறையும். மிச்சம் தொட்டிக்குப் போகலாம், வடிகட்டிக் கிணற்றடியில் நிலத்துக்குள் இறக்கலாம். வில்லைக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரியும் ஆகும்.

மாரி முழுக்கக் கிழமைக்கு ஒரு தரம் ஒரு ஆள் பார்க்க வேண்டும். இலை வாரவும் குளோரின் அளவு பார்க்கவும் மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டவும் ஒரு மணித்தியாலம் காணும். கிழமைக்கு ஒரு தரம் என்பதை விடக்கூடாது. ஏழு நாள் என்பதுதான் நுளம்பின் கணக்கு.

குளிக்க, நீந்த நல்ல காலம் மார்கழியும் தையும். நத்தார் விடுமுறைக்கும் பொங்கலுக்கும் வாருங்கோ. அப்போது தீவு பச்சையாக இருக்கும், மரவட்டை ஊரும், கிணறு கை எட்டும் தூரத்தில் நிற்கும். பிள்ளைகள் பார்க்க வேண்டிய தீவு அதுதான். வெயிலில் காய்ந்த ஆவணித் தீவைக் காட்டிவிட்டு "இதுதான் எங்கட ஊர்" என்று சொன்னால் அதுகளுக்கு என்ன விளங்கும்?

மாசியில் மூடுங்கோ. வெயில் உள்ளே புகாத விரிப்பு ஒன்றை இறுக்கிக் கட்டினால் ஆவியாவது பெருமளவு குறையும், பாசியும் குறையும், ஆடு மாடும் குழந்தைகளும் தவறி விழாது. குளோரின் இறங்கிய பிறகு அந்தத் தண்ணி கோடைக்குக் கையிருப்பு. மரங்களுக்கு ஊற்றலாம், மலசலகூடத்துக்கு எடுக்கலாம். ஆடியில் கிணறு வற்றும்போது அயல் வீட்டுத் தோட்டத்துக்கும் கொடுக்கலாம். இப்படிச் செய்தால் அது நீச்சல் குளம் என்ற பெயரில் இருக்கிற மழைத்தண்ணித் தொட்டி. அப்படியொரு குளம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தால் நாங்கள் ஏன் எதிர்க்கப் போகிறோம்?

உப்புத்தண்ணி இயந்திரம் தீவுக்கு வேண்டவே வேண்டாம். இது ஒன்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பிரதேச சபைகளிடமும் ஒரு வேண்டுகோள். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று மூன்று சபைகளும் கட்டட வரைபடம் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கின்றன. குளம் உள்ள வரைபடம் வந்தால் மூன்று கேள்வி கேட்டால் போதும். தண்ணி எங்கேயிருந்து வரும்? பழைய தண்ணி எங்கே போகும்? வீட்டுக்காரர் இல்லாத காலத்தில் யார் பார்ப்பது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் முத்திரை குத்தக் கூடாது. மாமாமாருக்கு இது புதிதாக இருக்காது. ரொறன்ரோவில் இதைவிடக் கூடக் கேட்பார்கள்.

மற்றக் குளம்

தமிழில் நீந்துகிறதற்கும் குளம், மாடு தண்ணி குடிக்கிறதற்கும் குளம். ஆனால் இரண்டுக்கும் நாங்கள் காட்டுகிற கவனம் ஒன்றாக இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம்.

தீவுப்பகுதியில் கோயிலடிக் கேணிகள், வயல் நடுவே குளங்கள், துரவுகள் என்று எத்தனை கிடக்கின்றன என்று உங்கள் ஊரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கோ. அவை அழகுக்கு வெட்டியவை இல்லை. மாரித்தண்ணி ஒரே நாளில் கடலுக்கு ஓடாமல் மறித்து, மெதுவாகக் கீழே இறக்கி, சுற்றியுள்ள கிணறுகளில் சவர் ஏறாமல் காத்தவை. அவற்றுக்கும் ஒரு மூடலும் திறப்பும் இருந்தது. ஆனி, ஆடியில் குளம் வற்றியதும் சேறு வெட்டித் தோட்டத்துக்கு உரமாகக் கொண்டுபோவார்கள். புரட்டாசியில் தண்ணி வருகிற வாய்க்காலில் பற்றை வெட்டுவார்கள். குடிதண்ணிக் கேணியில் கால் வைக்க விடமாட்டார்கள். ஊர் இடம்பெயர்ந்தபோது அந்த நாட்காட்டியும் இடம்பெயர்ந்துவிட்டது. சனம் கொஞ்சம் திரும்பி வந்தது, நாட்காட்டி திரும்பவில்லை.

இப்போது நடப்பது என்ன? ஒரு ஊர்ச் சங்கம் வெளிநாட்டில் காசு சேர்க்கும். பெக்கோ வரும். இரண்டு நாளில் குளம் ஆழமாக்கப்படும். பெயர்ப்பலகை, நாடா வெட்டு, பேஸ்புக்கில் படம். அடுத்த வருடம் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும், மூன்றாம் வருடம் குளத்துக்குள் பிளாஸ்ரிக் போத்தல் மிதக்கும். சில இடங்களில் ஆர்வத்தில் கூட ஆழமாக வெட்டி அடிக் களிமண்ணையே எடுத்துவிடுகிறார்கள். களிமண் போனால் குளம் தண்ணி பிடிக்காது. அதற்கும் கீழே போனால் உப்புத் தண்ணிதான் வரும். ஆழமாக வெட்டினால் நல்ல குளம் என்பது மற்ற ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம், எங்கள் தீவுகளுக்குச் சரிவராது.

புலம்பெயர்ந்த சொந்தக்காரர் கொடுப்பதில் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கொடுக்கிற விதத்தை மாற்றச் சொல்லலாம். கனடாவில் வீட்டுக் குளத்துக்கு வருடா வருடம் மூடுகிற காசும் திறக்கிற காசும் கட்டுகிற அதே மனம் ஊர்க் குளத்துக்கும் வரவேண்டும். ஒரேயடியாகப் பெரிய தொகை வேண்டாம். வருடத்தில் இரண்டு தரம் சிறிய தொகை காணும். ஆடியில் சேறு எடுக்க ஒன்று, புரட்டாசியில் வாய்க்கால் துப்புரவுக்கு ஒன்று. ஊரில் ஒருவருக்கு அது நிரந்தர வேலையாகவும் இருக்கும். பெயர்ப்பலகை வைக்க இடம் வராது என்பது மட்டுந்தான் இதிலுள்ள குறை.

நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. காசு எங்களிடம் இல்லை, கையும் போனும் இருக்கு. எங்கள் ஊரில் என்னென்ன குளம், எதற்கு எங்கேயிருந்து தண்ணி வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று வயது போனவர்களிடம் கேட்டு எழுதி ஒரு வரைபடம் கீறலாம். அந்த விபரம் தெரிந்தவர்கள் இன்னும் பத்து வருடத்தில் எங்களோடு இருக்க மாட்டார்கள். மாசத்துக்கு ஒரு தரம் ஒரு கிணற்றில் உப்பின் அளவைப் பார்த்துக் குறித்து வைக்கலாம், அதற்கான சிறு கருவி ஒரு பழைய போன் விலைக்கும் குறைவு. வெளிநாட்டுச் சித்தப்பா குளம் கட்டப் போகிறேன் என்று சொன்னால், "வடிவா இருக்கும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போகாமல், மேலே உள்ள மூன்று கேள்வியையும் மரியாதையாகக் கேட்கலாம். எங்களில் சிலர் கேட்டிருக்கிறோம். ஒருவர் கோபித்தார். இன்னொருவர் வரைபடத்தை மாற்றிக் கூரைத் தண்ணிக்குக் குழாய் போட்டார்.

இந்தக் கட்டுரையை வாசிக்கிற நேரம் உங்கள் வீட்டுக் கூரைப்பீலி எப்படிக் கிடக்கிறது என்று ஒருக்கால் ஏறிப் பாருங்கோ. பிறகு பக்கத்துக் குளத்து வாய்க்கால். ஐப்பசி மழைக்கு அதிக நாள் இல்லை.